நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

சூரிச்சில் சட்டம் படிக்கத் தொடங்கிய முதல் மாதம். லுசேர்ணிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். எட்டு மணி விரிவுரைக்கு ஏழரைக்கே போய்விடுவேன். பிந்தினால் கடைசி வரிசைதான் கிடைக்கும். ஒருநாள் மண்டபக் கதவைத் திறந்தபோது நீல மேலங்கி போட்ட ஒரு பெண் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், முதுகில் புத்தகப் பையோடு, என் வயதுப் பெண் ஒருத்தி வரிசை வரிசையாகக் குப்பைக் கூடைகளைக் காலிசெய்துகொண்டு வந்தாள். வேலை முடிந்ததும் மேலங்கி போட்டவரின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா. முதுகு நோ. குனியக் கஷ்டப்படுறா," என்றாள்.

நாங்கள் பேசியது சுவிஸ் ஜெர்மனில். என் காதில் அது இப்போது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

என்னுடைய பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். அப்பா ஹோட்டல் துறையில் இருக்கிறார் என்றேன். பள்ளிக்கூட நாட்களிலிருந்து எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிவந்தேன். கேட்பவர்கள் வரவேற்பு மேசையையோ கணக்கர் அறையையோ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். அவள் விடவில்லை.

"முன்பக்கமோ, சமையலறையோ?"

"சமையலறை."

"பிறகேன் இவ்வளவு சுத்தி வளைக்கிறாய்?" என்று சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் அடுத்த நாளும் அவளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

அவளுடைய தாய் எக்குவடோரிலிருந்து வந்தவர். பல வருடங்கள் அனுமதிப் பத்திரம் எதுவும் இல்லாமல் வீடுகள் துப்பரவு செய்தவர். அவள் நாலாம் வகுப்புப் படிக்கும்போதுதான் பத்திரம் கிடைத்ததாம். அதுவரை டிராமில் சத்தமாகச் சிரிக்கக்கூடாது, சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கக்கூடாது, யாராவது பெயர் கேட்டால் முதல் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் அவள். எங்கள் வீட்டில் நான். எட்டு ஒன்பது வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை வாசித்துப் பொருள் சொன்ன பிள்ளைகள் நாங்கள் இருவரும். அதனால்தான் சட்டம் படிக்க வந்தோம் என்று அவள் சொல்வாள். நான் ஏன் வந்தேன் என்று எனக்கு அப்போது அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இரண்டாம் ஆண்டில் அவள் என்னைச் சனிக்கிழமை ஆலோசனை அறைக்குக் கூட்டிப்போனாள். லாங்ஸ்ட்ராசவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் கடைக்கு மேல் மாடி. இரண்டு மேசை, ஒரு கேத்தல், அடிக்கடி தாள் சிக்கும் பிரிண்டர். கீழே கடையில் கறிவேப்பிலைப் பெட்டி உடைக்கும் நாளில் மேலே வரை வாசம் வரும். சமையலறைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்கிறவர்கள், விடுமுறை கிடைக்காதவர்கள், வேலை போனவர்கள் என்று காலை முழுதும் ஆட்கள் வருவார்கள். மாதத்தில் இரண்டு தடவை ஒரு வழக்கறிஞர் வந்து கோப்புகளைப் பார்ப்பார். மற்றபடி மாணவர்கள்தான் எல்லாம். ஸ்பானிஷ் பேசுகிறவர்களை அவள் பார்த்தாள். தமிழர்கள் வந்தால் நான் அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டும்.

முதல் நாளே சொன்னாள்: "வாறவை சொன்னதில ஒண்டையும் விடாதே. உன்ர கருத்தை ஒண்டும் சேர்க்காதே. அவ்வளவுதான் வேலை."

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "சனத்தின்ர பிரச்சினையெல்லாம் தலையில தூக்கிப் போடாத. சோதினையைப் பார்," என்பார். அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை. ஏரிக்கரையில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் சலாட்டும் குளிர் உணவும் செய்கிற பகுதி அவருடையது. இருபது வருடத்துக்கு மேலாக அதே இடம். சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கு யார் வந்தது, என்ன பிரச்சினை என்று கேட்பார். பெயர் சொல்லாமல் கதையை மட்டும் சொல்வேன். கேட்டுவிட்டு, "எப்பிடித்தான் மனம் வருகுதோ இவங்களுக்கு," என்று தலையை ஆட்டுவார்.

மூன்றாம் ஆண்டு, மாசி மாதக் கடைசி. பனியும் மழையும் கலந்து கொட்டிய ஒரு சனிக்கிழமை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இடது கையில் கட்டோடு படியேறி வந்தார். பிளாஸ்டிக் உறை ஒன்றில் கடிதங்களைச் சுருக்கம் விழாமல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "தமிழோ பிள்ளை? நல்லதாப் போச்சு. லுசேர்ணிலயிருந்து வாறன்," என்றார். எங்கே வேலை என்று கேட்டேன். ஹோட்டலின் பெயரைச் சொன்னார்.

என் அப்பாவும் அங்கேதான் என்று அந்த நேரமே சொல்லியிருக்கலாம். அவர் கூச்சப்படுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். தோழி எழுதினாள். தை மாதத்தில் ஒருநாள், அவருக்கு விடுமுறை நாள். செஃப் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆட்கள் போதாது, உடனே வா என்றிருக்கிறார். போனார். இறைச்சி சீவும் இயந்திரத்தின் பாதுகாப்புத் தகடு உடைந்து கழன்று வாரக்கணக்காகியிருந்தது. அதில்தான் வேலை செய்யச் சொன்னார்கள். இரண்டு விரல் நரம்போடு வெட்டுப்பட்டது.

"செஃப்தான் கார்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ரத்தம் ஓட ஓட எனக்குச் சொன்னவர், வீட்டில வெட்டுப்பட்டது எண்டு சொல்லு, லீவு நாளில நிண்டது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பிரச்சினை எண்டு. என்னட்ட இருக்கிறது எஃப் அனுமதி. அதை மாத்திறதுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறன். பயத்தில ஓம் எண்டிட்டன்."

எஃப் அனுமதி என்பது தற்காலிகமாக இருக்கவிடுவது. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, திருப்பி அனுப்பவும் முடியாதவர்களுக்குக் கொடுப்பது. நிலையான அனுமதி வேண்டுமென்றால் வேலை வேண்டும்.

இப்போது காப்புறுதியிலிருந்து கடிதம் வந்திருந்தது. வீட்டில், மது அருந்திய நிலையில், தன் கவனக்குறைவால் காயப்பட்டார் என்று அதில் எழுதியிருந்தது. ஹோட்டல் அனுப்பிய அறிக்கையில் அப்படித்தான் இருந்ததாம்.

"நான் குடிக்கிறதே இல்லைப் பிள்ளை. வீட்டில எண்டு சொன்னது என்ர பிழை. குடிச்சது எண்டு ஆர் போட்டது?" என்றார். குரல் உயரவில்லை. கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் மேசையில் எடுத்து வைத்தார். பிறகு சொன்னார்: "அங்க இன்னொரு அண்ணையும் நிண்டவர். எங்கட ஆள்தான், சலாட் பக்கம் நிக்கிறவர். அவர்தான் தன்ர ஏப்ரனைக் கழட்டி என்ர கையைக் கட்டினவர். கேட்டா அவர் உண்மையைச் சொல்லுவார்."

தை மாதத்தில் எனக்குப் பரீட்சை இருந்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா வழமைக்கு மாறாக வேளைக்கே வந்திருந்தார். சட்டைக் கையிரண்டிலும் இரத்தம். "மீன் வெட்டேக்க பட்டது," என்றார். அம்மா அதைக் குளிர்ந்த நீரில் உப்புப் போட்டு ஊறவைத்தார். சிவப்புத் தண்ணீர் குளியலறைத் தொட்டியில் வடிந்ததை நான் பார்த்தேன். மீனுக்கு அவ்வளவு இரத்தமா என்று நினைத்தேன். பரீட்சை நினைப்பில் மறந்தும் போனேன்.

தோழி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றார்? வேற ஆராவது பாத்தவையோ?"

"நீமாண்ட்," என்றேன். ஒருவரும் இல்லை.

அந்த மனிதர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தோழி எழுதிக்கொண்டாள். நான் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று பல தடவை எனக்குள் வாதாடியிருக்கிறேன். ஆனால் அவர் எழுந்து போகும்வரை இன்னும் கால் மணி நேரம் இருந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கீழே வாசல்வரை வந்து அவருக்குக் குடையை விரித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அப்பாவுக்கு ஓய்வு நாள். நான் வகுப்புக்குப் போகவில்லை. அவர் சமையலறை மேசையில் தன் வேலைச் சப்பாத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் நின்றார்.

"அப்பா, விரல் வெட்டுப்பட்ட ஆளின்ர கையை நீங்கள்தானே கட்டினது?"

துணி நின்றது. "ஆர் சொன்னது?"

"அவர் எங்கட அறைக்கு வந்தவர்."

"என்ர பேரைச் சொன்னவரோ?"

அதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றேன். அவர் தோள்கள் இறங்கின. சப்பாத்தைக் கீழே வைத்தார்.

"செஃப் ஒரு கடதாசி கொண்டுவந்து தந்தவர். அண்டைக்கு அவன் வேலைக்கு வரேல்லை எண்டு. நான் கையெழுத்து வச்சிட்டன்."

"என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான்."

விளங்காமல் வைத்தேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"எனக்கு அம்பத்தெட்டு வயது பிள்ளை. இதை விட்டா வேற ஆர் என்னை எடுப்பினம்? நீ படிச்சு முடிக்க இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."

"என்னில போடாதேங்கோ அப்பா."

அம்மா அடுப்பை நிறுத்தினார். நான்தான் கடைசியில் சொன்னேன். "நானும் சொல்லேல்லை. ஆர் பாத்தது எண்டு கேட்டவை. ஒருத்தரும் இல்லை எண்டிட்டன்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லது பிள்ளை," என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இரண்டு சொற்களோடு நான் மூன்று வாரம் இருந்தேன். படிக்க உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. இரண்டு சனிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிச் சூரிச்சுக்குப் போகவில்லை.

மூன்றாம் வாரம், பல்கலைக்கழகப் படிக்கட்டில் தோழி எனக்காகக் காத்திருந்தாள்.

"அவர் நேற்றுத் தன்ர மருமகளோட வந்தவர்," என்றாள். "சலாட் பகுதியில நிண்ட ஒரு ஆளைப் பற்றி அண்டைக்கே சொன்னவராம். நீ 'நீமாண்ட்' எண்டு சொன்னது தனக்கு விளங்கினதாம். பதினாலு வருசம் இந்த நாட்டில இருக்கிற மனுசன். அந்தச் சொல் விளங்காதோ?"

"பிறகேன் அவர் பேசாமல் இருந்தவர்?"

"நானும் கேட்டனான். படிக்கிற பிள்ளை, மற்றவைக்கு முன்னால வெக்கப்படுத்த மனம் வரேல்லையாம்." அவள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவர் கொண்டுவந்த, விபத்து நடந்த வாரத்துச் சமையலறைப் பணி அட்டவணை. சலாட் பகுதிக்கு நேரே எங்கள் குடும்பப் பெயர் இருந்தது. "உன்ர அப்பாவோ?"

"ஓம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"என்னால இது ஏலாது எண்டு எழும்பிப் போயிருக்கலாம். ஏன் எண்டுகூட நான் கேட்டிருக்க மாட்டன். வேற ஆளைத் தேடியிருப்பன்." பிறகு, "என்ர அம்மாவுக்கும் இப்பிடி ஒருத்தி மொழிபெயர்த்தவள். அதாலதான் நாங்கள் ரெண்டு வருசம் கூட ஒளிச்சிருந்தனாங்கள்," என்றாள். அதுவரை அவள் எனக்கு அதைச் சொன்னதில்லை. கையை நீட்டினாள். என்னிடம் இருந்த ஆலோசனை அறைச் சாவியைக் கொடுத்தேன். காப்புறுதிக்கு ஆட்சேபக் கடிதம் அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, சாட்சி இல்லாமல் அது வெறும் தாள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அன்று ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் என் மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். இன்ன தேதியில் எனக்கு இன்ன பரீட்சை, மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது என் தந்தையின் சட்டைக் கைகளில் இரத்தத்தைக் கண்டேன், இன்ன ஹோட்டலில் அவர் வேலைசெய்கிறார், காயப்பட்டவர் சாட்சி ஒருவரைப் பற்றிச் சொன்னபோது நான் வேண்டுமென்றே அதை மொழிபெயர்க்கவில்லை. ஐந்தாறு வாக்கியங்கள்தான். சட்டப் பாடத்தில் எவ்வளவோ பெரிய கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அன்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை நின்றது.

அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் காட்டினேன். காலையில் வேலைக்குப் போக ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றவர், கண்ணாடியை எடுத்து நின்றபடியே வாசித்தார்.

"அனுப்பப் போறியோ?"

"ஓம் அப்பா."

"நீ சட்டம் படிச்சனி. உனக்குத்தானே தெரியும்," என்றார். தாளை மடிக்காமல் மேசையில் வைத்தார். பஸ் போய்விடும் என்று இறங்கினார். அம்மா கதவைச் சாத்திவிட்டு, "உனக்கு அந்த ஆளைத்தான் முந்தித் தெரியுமோ, அப்பாவைத்தான் முந்தித் தெரியுமோ?" என்று கேட்டார். தபாற்கந்தோருக்கு நடந்துபோய், ஆட்சேபக் கடிதத்தோடு சேர்க்கும்படி ஆலோசனை அறை முகவரிக்குப் பதிவுத் தபாலில் போட்டேன்.

சித்திரை மாதத்தில் காப்புறுதியிலிருந்து ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அப்பா அங்கே என்ன சொன்னார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. பிறகு கோப்பில் இருந்ததைத் தோழிதான் சொன்னாள். கையைக் கட்டியது நான்தான், இயந்திரத்தில் தகடு இருக்கவில்லை, அந்தக் கடதாசியில் நான் கையெழுத்து வைத்தது பிழை என்று சொல்லியிருக்கிறார். வேலையிடத்தில் நடந்த விபத்து என்று காப்புறுதி மாற்றி எழுதியது. குடித்திருந்தார் என்ற வரி நீக்கப்பட்டது.

அவ்வளவுதான் வெற்றி. காயப்பட்ட ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தக்கூடாத காலம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அது முடிந்த மறு வாரமே ஹோட்டல் அவரை நிறுத்தியது. அதை எதிர்த்துத் தோழியும் அந்த வழக்கறிஞரும் எழுதிய கடிதங்கள் ஒன்றையும் மாற்றவில்லை. வேலை இல்லாததால் அவருடைய அனுமதி விண்ணப்பத்தை நிறுத்திவைத்துவிட்டு, நிலைமை மாறினால் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அப்பாவை நிறுத்தவில்லை. சலாட் பகுதியிலிருந்து எடுத்து, நிலக்கீழ் அறையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் விட்டார்கள். இருபது வருடம் தக்காளியில் பூச்செதுக்கிய கை. செஃப் அவருடைய காலை வணக்கத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்தினார். சமையலறையில் இருந்த மற்றத் தமிழர்களில் ஒருவர், கையெழுத்து வைத்ததற்காக அவரோடு பேசவில்லை. இன்னொருவர், அதை மாற்றிச் சொன்னதற்காகப் பேசவில்லை.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்பா என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார், குளிர், தொப்பி போடு என்பார். ஆனால் சனிக்கிழமைக் கதைகளைக் கேட்பதை விட்டுவிட்டார்.

ஒரு வருடம் கழித்துத் தோழி என்னைத் திரும்பக் கூப்பிட்டாள், கோப்புகளை அடுக்க, கடிதம் தட்டச்ச. மொழிபெயர்க்க வேறொரு பெண்ணை வைத்திருந்தாள். போனேன். அவள் எனக்குத் தேநீர் ஊற்றித் தருவாள், தேர்வுக் குறிப்புகளைத் தருவாள். வீட்டைப் பற்றி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் ஜெனீவாவுக்குப் போய்விட்டாள். வீடுகளில் பத்திரமில்லாமல் வேலைசெய்யும் பெண்களுக்கான ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். நான் இப்போது சூரிச்சில் தொழிலாளர் ஆலோசனை அலுவலகம் ஒன்றில் வேலைசெய்கிறேன். தமிழர் ஒருவர் வந்தால் முதலில் எங்கே வேலை என்று கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிற இடம் என்றால் எழுந்துபோய் வேறொருவரை அனுப்புகிறேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த கோடையில் அந்த மனிதரைப் பார்க்கப் போனேன். அவர் பீல் நகரத்தில் மருமகளின் வீட்டில் இருந்தார். தொலைபேசியில் வரலாமா என்று கேட்டபோது, "வாங்கோ, அதுக்கென்ன," என்றார். மத்தியானம் மூன்று மணி. வீட்டில் அவர் மட்டும். தேநீர் போடப் போனார். நான் எழுந்தேன். "இருங்கோ, எனக்கு ஏலும்," என்றார். பால் பெட்டியை நெஞ்சோடு அணைத்து வைத்து வலது கையால் திறந்தார்.

அந்த ஊர் மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளில் வேலை கேட்டுப் பார்த்தாராம். "எல்லாம் சின்னச் சின்னச் சாமான். பத்து விரலும் வேணுமெண்டினம்." ஒரு கிடங்கில் வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்திருந்தது. அனுமதி மாற அது போதாது.

மன்னிப்புக் கேட்டேன். ரயிலில் வரும்போது ஆயத்தம் செய்த வாக்கியங்கள் எல்லாம் போய், "நான் அண்டைக்குச் செய்தது பிழை," என்று மட்டும்தான் வந்தது.

அவர் என் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "உங்கட அப்பா என்ர கையைக் கட்டேக்க அழுதவர். அது எனக்குத் தெரியும். உங்கள் ரெண்டு பேரிலயும் எனக்குக் கோவம் இல்லைப் பிள்ளை," என்றார். பிறகு, "ஆனா அவரை இஞ்ச கூட்டிக்கொண்டு வராதேங்கோ. எனக்குப் பாக்க ஏலாது," என்றார்.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபடி நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பலகணியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பீலுக்குப் போய்வந்தேன் என்றேன். அவருக்கு விளங்கியது. கையில் இருந்த சட்டையை உதறி, கொடியில் போட்டு, கவ்வியை மாட்டினார்.

"கை எப்பிடி?"

"ரெண்டு விரல் மடங்காது."

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

கையைக் கட்டும்போது நீங்கள் அழுததைச் சொன்னார் என்றேன். மற்றதையும் சொன்னேன். அதை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. அவர் சொன்ன அதே சொற்களில், அதே வரிசையில் சொன்னேன்.

அப்பா தலையாட்டினார். மிச்ச உடுப்புகளை ஒவ்வொன்றாகக் காயப்போட்டு முடித்தார். பிறகு உள்ளே போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.